போட்டி முதலில், பீச் அப்புறம்

கேள்வி: எனக்கு வயது 38, ஊர் திருச்சி. மலேசியாவில் லங்காவித் தீவில் நடக்கும் ஹாஃப் அயர்ன்மேன் போட்டிக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து) பெயர் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டில் எனக்கு இதுதான் முதல் போட்டி. மனைவி, ஒன்பது வயது மகள், 66 வயது அம்மா மூவரும் கூட வருகிறார்கள். தீவின் வடக்கே தஞ்சோங் ரூ பக்கம், நீச்சல்குளத்தோடு ஒரு வில்லாவை மைத்துனர் பார்த்து வைத்திருக்கிறார். வாடகையும் கட்டுப்படியாகிறது. நாலு நாள் முன்னதாகப் போய் ஊர் சுற்றிவிட்டு, போட்டி முடிந்த மறுநாளே திரும்பிவிடலாம், மகளுக்குப் பள்ளி இருக்கிறது என்கிறார் மனைவி. எங்கே தங்குவது, என்றைக்குப் போய் இறங்குவது, சைக்கிளை எப்படிக் கொண்டு போவது?

பதில்: வில்லாவை விட்டுவிடுங்கள். மைத்துனர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. தஞ்சோங் ரூ அருமையான கடற்கரை. லங்காவியிலேயே அதுதான் அழகு என்று யாராவது சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் உங்களுக்கு வேண்டியது அழகு இல்லை. விடிவதற்கு முன் கிளம்பவும், மத்தியானம் மடங்காத காலோடு திரும்பி வரவும் தோதான இடம்தான் வேண்டும்.

லங்காவிப் போட்டியில் ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நீச்சல் தொடங்கும் இடமும் ஓட்டம் முடியும் இடமும் அங்கே ஒன்றல்ல. நீச்சல் மேற்கே பந்தாய் கோக் பக்கம், முடிவுக்கோடு தென்மேற்கே பந்தாய் செனாங் பக்கம் என்றுதான் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விமான நிலையம். காரில் போனால் இருபது நிமிடம் போல ஆகும். பாதையை மாற்றுவார்கள், அதனால் இந்த ஆண்டுக்கான வீரர் கையேடு வந்ததும் பாருங்கள். ஆனால் அறை போட அதுவரை காத்திருக்க வேண்டாம், இருக்காது. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து இப்போதே போட்டுவிடுங்கள். பணம் திரும்பி வராத மலிவு அறை வேண்டவே வேண்டாம். இந்தப் போட்டியின் தேதியே அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே மாறி மாறி வந்திருக்கிறது.

முதல் முறை போகிறவர்கள் பலரும் நீச்சல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை தேடுவார்கள். எழுந்ததும் கடலில் குதித்துவிடலாம் என்ற கணக்கு. என் கட்சி முடிவுக்கோடு. இந்த மாதிரி பெரிய போட்டிகளில் சைக்கிளையும், சைக்கிளுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு சாமான் பைகளையும் முந்தின நாளே ஒப்படைத்துவிட வேண்டும். போட்டி அன்று காலை உங்கள் கையில் நீச்சல் கண்ணாடியும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அமைப்பாளர்களின் பஸ்ஸில் ஏறிப் போவது பெரிய வேலையே இல்லை. திரும்பி வருவதுதான் வேலை. 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு டாக்சிக்காகத் தெருவோரம் நிற்பதைப் பற்றி இப்போது யோசித்தால் சாதாரணமாகத்தான் தெரியும்.

அப்புறம் குடும்பம். நீங்கள் ஏழெட்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள். செனாங்கில் கடற்கரை, சாப்பாட்டுக் கடைகள், ஏசி காபிக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரம். அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை என்றால் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, நீங்கள் வரும் நேரத்துக்குத் திரும்பி வரலாம். வடக்கே வில்லாவில் இருந்தால் இது எதுவும் முடியாது. சைக்கிள் பாதை தீவைச் சுற்றிப் போகும். அன்று காலை பல சாலைகளை மறித்து வைத்திருப்பார்கள். நீங்கள் முடிக்கும் நேரத்தில் உங்கள் மகள் ஏதோ ஒரு தடுப்புக்குப் பின்னால் காருக்குள் உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே செனாங்கில், கடலைப் பார்த்த அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தெரு உள்ளே தள்ளி, அடுப்போடு கூடிய இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் பாருங்கள். நட்சத்திரத்தில் மிச்சம் பிடியுங்கள், தூரத்தில் பிடிக்காதீர்கள். அடுப்பு ஏன் என்றால், போட்டிக்கு முந்தின இரவு வயிறு பழகிய சாப்பாடுதான் உள்ளே போக வேண்டும். தீவில் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள்) உண்டு, ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயும் கிடைக்கும், சில கடைகளில் தமிழே பேசுவார்கள். ஆனால் அதை எல்லாம் போட்டிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது சைவம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: சம்பல் என்கிற மலாய் மிளகாய் விழுதில் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும், அது இறாலில் செய்தது. பார்வைக்குக் காய்கறியாகத் தெரிவதிலும் இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அம்மா கையால் ரசம் சாதமோ தயிர் சாதமோ சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்கு ஈடான ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் எனக்குத் தெரிந்து இல்லை. குக்கர் கொண்டு போவதாக இருந்தால், அங்கே பிளக் பாயின்ட் பிரிட்டிஷ் மாதிரி, சதுரக் கால்கள். நம்மூர் பிளக் சேராது. அடாப்டர் வாங்கும்போது குக்கர் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்குமா என்றும் பாருங்கள்.

ஓட்டல்தான் வசதி என்றால் போடும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள். சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா? போட்டி அன்று விடிகாலை நாலு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா? லிஃப்ட் இருக்கிறதா? மூன்றாவது கேள்வி அம்மாவுக்காக என்று நினைப்பீர்கள். போட்டி முடிந்து மாடிப்படியைப் பார்க்கும்போது யாருக்காக என்று தெரியும்.

என்றைக்கு இறங்குவது என்பதற்கு வருகிறேன். போட்டி சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் இரவோ புதன் காலையோ நீங்கள் தீவில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் சைக்கிள் பெட்டி. நீங்கள் வந்த விமானத்தில் அது வராமல் போவது இந்த விளையாட்டில் புதிதல்ல. அடுத்த விமானத்திலோ மறுநாளோ வந்து சேரும். அதற்கு அவகாசம் வேண்டும்.

இன்னொரு காரணம் தூக்கம். மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாலு மணிக்கு அலாரம் அடிக்கும்போது உங்கள் உடம்புக்கு இரவு ஒன்றரை. எட்டரைக்குப் படுத்தால் உடம்புக்கு மாலை ஆறு மணி, தூக்கம் எங்கிருந்து வரும்? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே திருச்சியிலேயே தினமும் கால் மணி, இருபது நிமிடம் முன்னதாகப் படுத்து எழுந்து பழகுங்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. லங்காவி அந்த நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் சூரியன் உதிக்கவே காலை ஏழு மணி ஆகிவிடும். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணி சுமாருக்கு. ஏழரைக்கு நீச்சல் தொடங்கி நீங்கள் நிதானமாகப் போனால், ஓட ஆரம்பிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், அதாவது சரியாக உச்சி வெயிலில். திருச்சிக்காரருக்கு வெயிலா என்று கேட்காதீர்கள். நம்மூரில் யாரும் மத்தியானம் பயிற்சி செய்வதில்லை, எல்லோரும் காலை ஐந்து மணி ஆட்கள்தான். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் சில ஓட்டங்களையாவது, உடம்பு அனுமதிக்கிற அளவில், பத்து மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடாதீர்கள், உப்பும் உள்ளே போக வேண்டும்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நாலு மணி நேரம். அங்கிருந்து லங்காவிக்கு ஒரு மணி நேரம். முடிந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒரு விமானம் முதல் முனையத்திலும் மற்றது இரண்டாவதிலும் இருந்தால் ரயில் ஏறி மாற வேண்டும், சைக்கிள் பெட்டியோடும் அம்மாவோடும். அப்படியானால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். தீபாவளி அந்தச் சமயத்தில்தான் வரும். மலேசியத் தமிழர்கள் ஊருக்கு வந்து போகும் காலம், திருச்சி டிக்கெட் விலை எகிறிவிடும். அறையைவிட டிக்கெட்டுக்குத்தான் அவசரம். விசா பற்றிக் கவலை வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். சலுகைக்குக் காலக்கெடு வைத்து நீட்டித்துக்கொண்டு வருவதால், டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் போலி.

சைக்கிளைப் பெட்டியில் போட்டுக் கொண்டு போவதுதான் வழி. விளையாட்டுச் சாமான் என்று டிக்கெட்டோடு சேர்த்தே பணம் கட்டிவிடுங்கள், கவுண்டரில் போய்க் கட்டினால் கண்ணில் தண்ணீர் வரும். சின்ன விமானம் என்றால் அந்த அளவுப் பெட்டி ஏறுமா என்று முன்பே கேளுங்கள். பெடலைக் கழற்றுங்கள் (இடது பெடல் மறை எதிர்ப்பக்கம் திரும்பும், பதற்றத்தில் எல்லோருக்கும் மறக்கும்), பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டீரெய்லரையும் கழற்றிப் பஞ்சு சுற்றிச் சட்டத்தோடு கட்டுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். காற்றடிக்கும் சின்ன கேஸ் குப்பிகளைப் பெட்டியில் வைக்காதீர்கள், சோதனையில் மாட்டும். அங்கே போட்டிக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். பவர் பேங்க், தனியாகக் கழற்றிய பேட்டரி எல்லாம் கைப்பையில். விலை உயர்ந்த சைக்கிள் என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பி வரும்போது வரி பற்றிய பேச்சு வராது. கழற்றி மாட்டுவதை ஊரிலேயே ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். போட்டி இடத்தில் மெக்கானிக் இருப்பார், அவர் முன்னால் வரிசையும் இருக்கும்.

தீவில் நம்பிப் போக பஸ் கிடையாது. கிராப் (செயலியில் கூப்பிடும் டாக்சி) கிடைக்கும், ஆனால் நாலு பேரும் சைக்கிள் பெட்டியும் சின்னக் காரில் ஏற முடியாது. இறங்கும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் வேன் சொல்லி வையுங்கள். நடுவில் ஓட்ட வாடகைக்கு இன்னோவா மாதிரி ஒன்று எடுத்தால் பெட்டிக்கும் ஆகும். நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். இன்னொன்று, லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். (ராஜேந்திர சோழன் கொண்ட கடாரம் என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். அவன் படைக்கு எங்கே அறை போட்டான் என்று கல்வெட்டில் இல்லை.) அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கலாம். மருந்து, வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் வியாழனே வாங்கி வையுங்கள். வாங்கியதை பால்கனியில் வைக்காதீர்கள், அந்தத் தீவில் குரங்குகள் அதிகம்.

இப்போது உங்கள் மனைவியின் திட்டம். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். போட்டிக்கு முன் ஊர் சுற்றல் வேண்டாம், அதாவது உங்களுக்கு வேண்டாம். அந்த மூன்று நாளில் அவர்கள் கேபிள் கார் ஏறி மாச்சின்சாங் மலையைப் பார்க்கட்டும், குவாவில் கழுகுச் சிலை முன் படம் எடுக்கட்டும், சாக்லேட் வாங்கட்டும், அது வரியில்லாத தீவு. நீங்கள் பதிவு, சைக்கிள், கடலில் ஒரு சின்ன நீச்சல், தூக்கம் என்று இருங்கள். குளத்திலேயே பழகியவருக்கு அந்தக் கடல் நீச்சல் முக்கியம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெட்சூட்டைச் சுமந்து போக வேண்டாம். அந்தக் கடலில் சொறிமீன் உண்டு, ஆட்கள் இல்லாத கடற்கரையில் தனியாக இறங்காதீர்கள்.

போட்டிக்குப் பிறகு ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் குடும்பத்துக்கு. ஞாயிறு அன்று கிலிம் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போங்கள். பிச்சாவரம் போலத்தான், ஆனால் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கும். உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால் உங்கள் கால்களுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி. செவ்வாய் புறப்பாடு. பள்ளிக்கு எப்படியும் நாலு நாள் லீவு போடத்தான் போகிறீர்கள், இன்னும் ஒன்றிரண்டு நாள் சேர்த்துக் கேட்டால் போதும். அதற்கும் முடியவில்லை என்றால், புதன் நீங்கள் மட்டும் போய்ச் சேருங்கள், அவர்கள் மூவரும் வியாழன் இரவு வரட்டும். சைக்கிள் பெட்டியோடு நீங்கள் தனியாக விமானம் மாறுவது எல்லோருக்குமே நிம்மதி.

கடைசியாக, பயணக் காப்பீடு எடுக்கும்போது போட்டியில் கலந்துகொள்வதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண பாலிசிகளில் பல அதை விலக்கியே வைத்திருக்கும்.