8 வாரமாகியும் மாத்திரை வேலை செய்யவில்லையா?

தம்பி, மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையை 8 வாரம் போட்டும் மாற்றமில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி எல்லாம் வரலாம். முதல் மருந்து பலருக்கு ஒத்துப்போவதில்லை, எனக்கும் அப்படித்தான். பசியே இல்லை; கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிவந்த தோசைப் பொட்டலம் பிரிக்காமலே இரண்டு நாள் மேசையில் கிடந்தது. டாக்டர்கள் மருந்தின் அளவை ஏற்றிப் பார்த்தார்கள், பிறகு மருந்தையே மாற்றினார்கள். அப்புறம்தான் பசி திரும்பியது. தூக்கம், சாப்பாடு, மாத்திரை தவறிய நாள் எல்லாவற்றையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள், தைராய்டு கோளாறும் இப்படிச் சோர்வாக்கும். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்: மலேசியாவில் அவசர எண் 999, அல்லது பெஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் தொலைபேசிச் சேவை 03-76272929. நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.