கேள்வி – பதில்: ஜப்பானியரின் பழைய பாட்டுகள்

கேள்வி: என் மகள் கைப்பேசியில் ஒரு ஜப்பானியப் பாட்டை ஓயாமல் கேட்கிறாள். 1979இல் வந்த பாட்டு என்கிறாள். அந்த நாட்டில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் இதைத்தான் தங்கள் இளமைக்காலப் பாட்டாக நினைக்கிறார்களா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் மகள் கேட்பது பெரும்பாலும் மட்சுபாரா மிகி பாடிய ‘மயோனகா நோ தோஆ’வாக இருக்கும். ‘நள்ளிரவின் கதவு’ என்று பொருள். பாடியபோது அவருக்கு வயது பத்தொன்பது. 2004இல், நாற்பத்து நான்கு வயதில் அவர் காலமானார். 2020இன் இறுதியில் அந்தப் பாட்டு இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனத்தை வருத்தும் செய்தி.

இந்த வகைப் பாட்டுகளை ‘சிட்டி பாப்’ என்கிறார்கள். நகரத்து இரவு, கார்ப் பயணம், கடற்கரை விடுதி ஆகியவற்றின் இசை இது. நல்ல இசைதான். ஆனால் ஐம்பத்தைந்து வயது ஜப்பானியர் ஒருவர் சமையலறையில் தம்மை மறந்து முணுமுணுக்கும் பாட்டு பெரும்பாலும் வேறாக இருக்கும். அது ‘கயோக்யோகு’ எனப்படும் வெகுமக்கள் பாட்டு. பாடலாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று நம் திரைப்பாட்டைப் போலவே மூவர் கூடிச் செய்தது. அப்படிப்பட்ட பாட்டு பழையதானால் அதை ‘நாட்சுமெரோ’ என்கிறார்கள். ‘நாட்சுகாஷீ’ என்ற சொல்லும் ‘மெலடி’யும் சேர்ந்து சுருங்கிய பெயர் அது. நாட்சுகாஷீ என்பதை ஏக்கம் என்று மட்டும் பெயர்த்தால் பாதிப் பொருள் விடுபட்டுப்போகும். நெடுநாள் காணாத ஒருவரைத் தெருவில் திடீரென்று எதிர்கொண்டால் எழுமே ஒரு மகிழ்ச்சி, அதுவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கேள்வி: மொழி தெரியாமல் கேட்கும்போது எல்லாம் காதல் பாட்டாகவே படுகிறது. உண்மையில் அவற்றில் என்னதான் சொல்கிறார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: காதல் உண்டு. ஆனால் 1970களின் பாட்டுகளில் காதலை விட அழுத்தமாக இருப்பது பிரிவு என்பதே என் கருத்து. ஒரே ஒரு பாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1975 டிசம்பரில் ஓட்டா ஹிரோமி பாடி வெளிவந்தது ‘மொமென் நோ ஹங்காச்சீஃப்’, அதாவது ‘பருத்திக் கைக்குட்டை’. எழுதியவர் மட்சுமோட்டோ தகாஷி. இசை ட்சுட்சுமி க்யோஹெய். பாட்டில் நான்கு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முற்பாதியும் ஊரை விட்டுப் போன இளைஞனின் பேச்சு; பிற்பாதி ஊரிலேயே இருக்கும் பெண்ணின் மறுமொழி. முதலில் அவன் கிழக்கே போகும் ரயிலில் புறப்படுகிறான், பகட்டான அந்த நகரத்தில் உனக்கு ஒரு பரிசு தேடுவேன் என்கிறான். எனக்கு எதுவும் வேண்டாம், நகரத்துச் சாயம் உன்மீது படியாமல் திரும்பி வா என்கிறாள் அவள். ஆறு மாதம் கழிகிறது. நகரத்தில் எல்லோரும் அணியும் மோதிரத்தை அனுப்புகிறேன் என்கிறான். வைரமும் முத்தும் உன் முத்தத்தைப் போல் ஒளிராது என்கிறாள். அடுத்த கட்டத்தில், இன்னும் உதட்டுச் சாயம் கூடப் பூசாமல்தான் இருக்கிறாயா என்று கேட்கிறான், கோட்டு சூட்டு அணிந்த தன் படத்தைப் பார்க்கச் சொல்கிறான். புல்தரையில் படுத்துக்கிடந்த உன்னைத்தான் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லும் அவள், கட்டடங்களுக்கு நடுவே வீசும் குளிர்காற்றில் உடம்பைப் பார்த்துக்கொள் என்றும் சொல்கிறாள். கடைசியில், மாறிப்போனதற்கு மன்னித்துவிடு, இனி என்னால் திரும்ப முடியாது என்கிறான் அவன். அதுவரை எந்தப் பரிசையும் வேண்டாம் என்றவள் முதன்முறையாக ஒன்று கேட்கிறாள்: கண்ணீரைத் துடைத்துக்கொள்ள ஒரு பருத்திக் கைக்குட்டை.

இத்தனையையும் ஒரே பெண்குரல் பாடுகிறது, மெட்டோ துள்ளலானது. சொல் தெரியாதவர் அதை ஓர் உல்லாசப் பாட்டு என்றே நினைப்பார். சோகத்துக்குச் சோக மெட்டு போடாததால்தான் அந்தக் கடைசி வேண்டுதல் இவ்வளவு ஆழமாகத் தைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இந்தப் பாட்டைக் கேட்டவர்களின் வீடுகளில் அந்தப் பிரிவு உண்மையிலேயே நடந்திருந்தது. 1950களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வடகிழக்கு மாவட்டங்களில் நடுநிலைப்பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சிறப்பு ரயில்களில் ஏற்றித் தோக்கியோவின் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பினார்கள். ‘தங்க முட்டைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் வந்து இறங்கிய உவேனோ ரயில் நிலையத்தைப் பற்றி 1964இல் இசாவா ஹச்சிரோ பாடிய பாட்டுக்கு அந்த நிலையத்தருகிலேயே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: புகழின் உச்சியில் இருந்த பாடகி ஒருவர் ஒலிவாங்கியை மேடையிலேயே வைத்துவிட்டுப் போனாராமே, உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உண்மைதான். அவர் யமகுச்சி மொமோஎ. யொகொசுகாவில், தாய் ஒருவரே பாடுபட்டு வளர்த்த வறிய வீட்டுப் பெண். 1973இல் பதினான்கு வயதில் பாட வந்தார். 1980 அக்டோபர் 5 அன்று தோக்கியோவின் புதோகான் அரங்கில் கடைசி நிகழ்ச்சியை நடத்தினார். இறுதிப் பாட்டு முடிந்ததும் வெள்ளை ஒலிவாங்கியை மேடையின் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தம்முடன் திரைப்படங்களில் நடித்த மியூரா தொமொகசுவை மணந்துகொண்டார். பின்னர் ஒருமுறைகூட மேடையேறிப் பாடவில்லை.

ஆனால் அந்தக் காட்சியைவிட, அவர் 1977இல் பாடிய ‘காஸ்மாஸ்’ என்ற பாட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சதா மசாஷி எழுதி இசையமைத்த பாட்டு அது. நாளை திருமணமாகிப் போகப்போகும் மகள், முற்றத்தில் காஸ்மாஸ் என்ற இலையுதிர்காலத்துப் பூக்கள் மலர்ந்திருக்கும் ஒரு நாளில், பழைய புகைப்படங்களைப் புரட்டியபடி சொன்ன கதையையே திரும்பச் சொல்லும் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாடியபோது மொமோஎவுக்கு வயது பதினெட்டு. அன்று அதைக் கேட்ட பள்ளி மாணவிகளுள் பலர் இன்று மகளைக் கட்டிக்கொடுத்த தாய்மார்களாக இருப்பார்கள். அதே பாட்டு அவர்களுக்கு இப்போது மறுபக்கத்திலிருந்து கேட்கும்.

கேள்வி: ஒரு தலைமுறை முழுவதற்கும் ஒரே பாட்டுகள் மனப்பாடமானது எப்படி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தொலைக்காட்சியால். குறிப்பாக, 1978 ஜனவரி முதல் 1989 செப்டம்பர் வரை வியாழன்தோறும் இரவு 9 மணிக்கு ஒளிபரப்பான ‘தி பெஸ்ட் டென்’ நிகழ்ச்சியால். இசைத்தட்டு விற்பனை, வானொலி, நேயர்களின் அஞ்சல் அட்டைகள் எல்லாவற்றையும் கணக்கிட்டு அந்த வாரத்தின் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, பாடியவர்களையே நேரலையில் பாடவைத்தார்கள். பாடகர் வெளியூரில் இருந்தால் ஒளிப்படக் கருவி அவர் இருக்கும் இடத்துக்கே போனது. 1980இல் மட்சுடா செய்கோ ஹனேதா விமான நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்கி, ஓடுதளத்தின் அருகிலேயே நின்று பாடினார். மறுநாள் காலை வகுப்பறையில் வேறு பேச்சே இருந்திருக்காது.

அந்த நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொகுத்து வழங்கியவர் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவர். ரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட பள்ளியைப் பற்றிய டோட்டோ-சான் நூலை எழுதிய டெட்சுகோ குரோயாநாகிதான் அவர். நூல் வெளிவந்த 1981இலும் அவர் வாரந்தோறும் இந்த மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

1979இல் வாக்மேன் வந்தது. பாட்டு ஒவ்வொருவர் காதுக்குள்ளும் தனித்தனியே போகத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அந்த நிகழ்ச்சி நின்றது. தாத்தாவும் பேத்தியும் ஒரே பெட்டியின்முன் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்ட காலம் அத்துடன் போயிற்று என்பதை இழப்பாகவே கருதுகிறேன்.

கேள்வி: புதிதாகக் கேட்க விரும்புகிறேன். எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, சென்னை)

பதில்: இருகா என்ற பாடகி 1975இல் பாடிய ‘நகோரி யுகி’யிலிருந்து தொடங்குங்கள். குளிர்காலம் போன பிறகும் மிச்சமாகப் பெய்யும் பனி என்பது அதன் பொருள். எழுதி இசையமைத்த இசே ஷோசோ, கியூஷூ தீவின் ட்சுகுமி ஊர்க்காரர். பருத்திக் கைக்குட்டையில் ஊரை விட்டு நகரத்துக்குப் போவது ஆண். இதில் தோக்கியோவை விட்டுப் போவது பெண். அவள் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். அவன் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ரயில் போய்விடுகிறது. நடைமேடையில் தனியே நின்று, தரையைத் தொட்டதும் உருகிவிடும் பனியை அவன் பார்க்கிறான். ட்சுகுமி நிலையத்தில் இப்போது ரயில் வருவதை அறிவிக்க இசைப்பது இந்த மெட்டைத்தான்.