சொல்ல முடியாத வார்த்தை: எச்.ஐ.வி. கேள்வி-பதில்

கர்ப்பகாலச் சோதனையில் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. கணவரிடம் சொன்னால் ‘நீதான் கொண்டுவந்தாய்’ என்று அடித்து விரட்டிவிடுவார். சொல்லியே ஆக வேண்டுமா?

உங்கள் பயம் நியாயமானதம்மா. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதால் பல வீடுகளில் மனைவிக்குத்தான் முதலில் தெரிகிறது. உடனே பழியும் அவள் தலையில் விழுகிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. கணவரிடமிருந்தே பெற்று, பழியையும் சுமக்கும் பெண்கள் எத்தனையோ பேர்!

2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ பயப்படக் காரணம் இருக்கும் பெண்ணை அது கட்டாயப்படுத்தவில்லை; அந்த நிலையில் மருத்துவரும் கணவரிடம் சொல்லக் கூடாது.

மாத்திரையை மட்டும் இன்றே தொடங்கிவிடுங்கள். விடாமல் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். உங்களுக்குத் தொற்று இருப்பதைச் சொல்லாமலே கணவரைச் சோதனைக்கு வரவழைக்க முடியுமா என்று நம்பிக்கை மைய (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையம்) ஆலோசகரிடம் பேசுங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து முடிவைச் சொல்லும் முறை உண்டு. அதில் சுமை உங்கள் ஒருவர் மேல் விழாது.

ஐந்து வருடமாக மருந்து எடுக்கிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. திருமணம் நிச்சயமாகிவிட்டது. மறைக்கலாமா?

மறைக்காதீர்கள், தம்பி. இந்த நிலையில் உடலுறவு மூலம் தொற்றாது என்பது உண்மைதான். 2019இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் உங்களைப் போலவே வைரஸ் குறைந்திருந்த 782 ஆண்-ஆண் இணைகளைக் கவனித்தார்கள். அவரிடமிருந்து அவருடைய துணைக்கு ஒரு தடவைகூடத் தொற்றவில்லை. ஆனால் அந்த நிலை மாத்திரையை நம்பி நிற்கிறது. ஒளித்துச் சாப்பிடுபவர்கள் விருந்தாளி வந்தால் ஒரு வேளை, ஊருக்குப் போனால் இரண்டு நாள் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுக்கொண்டே இருந்தால் வைரஸ் திரும்ப ஏறிவிடும். தெரிந்து சம்மதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. கல்யாணம் நின்றுபோகலாம், அந்த வலியைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். தனியாகச் சொல்லத் தயக்கமென்றால் ஆலோசகர் முன்னிலையில் சொல்லுங்கள்.

கணவர் இரண்டு வருடம் மறைத்திருக்கிறார். மன்னிக்க முடியவில்லை.

மன்னிப்பு பிறகு. முதலில் சோதனை. கடைசியாகச் சேர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் தடுப்பு மருந்து உண்டு, இப்போதே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கோபம் நியாயம். அவர் எதற்குப் பயந்தார் என்பதை ஆறிய பிறகு கேளுங்கள். பெரும்பாலும் உங்களை இழப்பதற்குத்தான்.

பெயர் சொல்லாமல் பேச வழி உண்டா?

உண்டு. 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை.