ரொமேனியாகிட்ட இருந்த பிரெஞ்சு ரெனோ டேங்க் பத்தி எப்படி ரிசர்ச் பண்றது?

கேள்வி கேட்டவர் கீழ விளக்கமா போட்டிருக்கார்: ரெண்டாம் உலகப் போர்ல ரொமேனியா ஆர்மி பிரெஞ்சு குட்டி டேங்க் ஓட்டுச்சாம், தேடினா எடத்துக்கு ஒரு நம்பர் வருது, போட்டோவும் மாறி மாறி வருது, எதை நம்பறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஹிஸ்டரி படிச்சவன் கிடையாது, பிளாஸ்டிக் மாடல் ஒட்டற கிராக்கு, அவ்ளோதான். மூணு வருஷம் முன்னாடி ரெனோ ஆர்-35 கிட் ஒண்ணு வாங்கி, அதுல இருந்த குட்டி 37 மி.மீ. பீரங்கியை எடுத்துட்டு ரஷ்யன் 45 மி.மீ. பீரங்கி வெச்சு, 1944 ரொமேனியா டேங்க்னு பெயின்ட் அடிச்சு, பெருமையா போட்டோ போட்டேன். ரொமேனியாக்காரர் ஒருத்தர், வயசானவர் போல, ஒரே ஒரு லைன் எழுதினார்: "பீரங்கி சரி, சக்கரம் தப்பு." வேற ஒண்ணும் சொல்லல. அந்த சக்கரத்துக்காகவே நான் எட்டு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து தேடினேன், அப்ப தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்த பதில்.

மொதல்ல பேரு. எல்லாரும் வழுக்கி விழற எடமே இங்கதான். ரொமேனியாகிட்ட ஆர்-1, ஆர்-2, ஆர்-35னு மூணு இருந்துச்சு, மூணும் ஒரே குடும்பம்னு நெனச்சீங்கன்னா போச்சு. ஆர்-1, ஆர்-2 ரெண்டும் செக் நாட்டு சரக்கு, ஆர்-35 மட்டும்தான் பிரெஞ்சு ரெனோ. இதுல இன்னொரு கூத்து என்னன்னா, ஆர்-2ங்கறது ஸ்கோடா கம்பெனியோட எல்டி-35, அதாவது அதுலயும் ஒரு 35 உக்காந்திருக்கு. அதனால போட்டோ கீழ "ரொமேனியன் 35"னு இருந்தா மொதல்ல சக்கரத்தை எண்ணுங்க. ரெனோவுக்கு ஒரு பக்கம் அஞ்சு சக்கரம், வார்ப்பு எஃகுல செஞ்ச உருண்டை உருண்டையான உடம்பு. ஸ்கோடாவுக்கு பக்கத்துக்கு எட்டு குட்டிச் சக்கரம், தட்டையான தகடு, மேல பூரா ரிவெட். ஒரு தடவை பாத்து பழகிட்டா அப்புறம் மாறவே மாறாது.

நம்பர்லயும் இதே மாதிரி பொறி இருக்கு. ஸ்கோடா ஆர்-2 வாங்கினது 126. ரெனோகிட்ட லைசென்ஸ் வாங்கி புகாரெஸ்ட்ல மலாக்சா ஃபேக்டரியில செஞ்ச யூஇ டைப் குட்டி டிராக்டர் இருக்கே, அதுவும் 126! அது டேங்க்கே இல்லைங்க, பீரங்கி இழுக்கறதுக்கும் சாமான் தூக்கறதுக்கும் செயின் போட்ட வண்டி, ஆனா ரெனோ, ரொமேனியா, 126னு ஒரே வரியில பாத்தவன் எவனோ எங்கயோ கலந்து எழுதிட்டான்னு வைங்க, அப்புறம் நாலு சைட்ல அதையே காப்பி அடிச்சு "ரொமேனியாவில் 126 ரெனோ டேங்க்"னு ஓடும். அதே மாதிரி பல்கேரியாவுக்கு ஜெர்மனி குடுத்த ஆர்-35 40, ரொமேனியாவுக்கு பிரான்ஸ்லேர்ந்து நேரா வந்தது 41. பக்கத்து பக்கத்து நாடு, பக்கத்து பக்கத்து நம்பர், எவ்ளோ தெளிவானவனுக்கும் ஒரு நாள் கை நழுவும்.

சரி, 41 எப்படி வந்துச்சு? ரொமேனியா மொதல்ல ஆசைப்பட்டது 200 டேங்க்கை சொந்த ஊர்லயே லைசென்ஸ்ல செய்யணும்னு. அது படியல, சரி செஞ்சே குடுங்கன்னு ஆர்டர் போட்டாங்க. 1939ல பிரான்ஸுக்கே டேங்க் பத்தாத நேரம், தன் வீட்டு அடுப்புக்கே வெறகு இல்லாதவன் ஊருக்கு எப்படி குடுப்பான்? ஆகஸ்ட், செப்டம்பர்ல 41 வந்துச்சு, அதோட சரி. ஆனா அதே செப்டம்பர்ல இன்னொரு கதவு தொறந்துச்சு. போலந்தை ஒரு பக்கம் ஜெர்மனி, 17ஆம் தேதி இன்னொரு பக்கம் சோவியத்னு நசுக்கினப்ப, போலந்தோட 21வது லைட் டேங்க் பட்டாலியன், அவங்ககிட்ட இருந்ததும் இதே ஆர்-35 தான், எல்லை தாண்டி ரொமேனியாவுக்குள்ள வந்துருச்சு. நடுநிலை நாடுங்கறதால ரொமேனியா அந்த வண்டிகளை பறிமுதல் பண்ணி வெச்சுக்கிச்சு, 34 டேங்க். 41 கூட 34, மொத்தம் 75. காசு குடுத்து 200 கேட்டவனுக்கு 41 வந்துச்சு, கேக்காமலே 34 வாசல்ல வந்து நின்னுச்சு. இந்த 75ஐ வெச்சுத்தான் 2வது டேங்க் ரெஜிமென்ட் 1939 நவம்பர்ல உருவாச்சு.

இனிமே தேடற விஷயம். இங்கிலீஷ்ல தேடினா அதே பத்து பக்கம்தான் சுத்தி சுத்தி வரும், ரொமேனியன் மொழியில தேடணும். அங்க டேங்க்குக்கு அந்த காலத்து வார்த்தை "கார் தெ லுப்தா", போர் வண்டின்னு அர்த்தம், பன்மையில "காரே தெ லுப்தா". நான் புத்திசாலித்தனமா "காரே"ன்னு மட்டும் போட்டு ஒரு பழைய ஸ்கேன் பேப்பர் கட்டுல தேடினேன், ஆயிரக்கணக்குல ரிசல்ட். அடேங்கப்பா, புதையல்னு ஒரு மணி நேரம் குதிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, ரொமேனியன்ல "காரே"ன்னா "எது, எந்த"ன்னும் அர்த்தம், அதாவது நம்ம ஊர் பேப்பர்ல "என்ற"ன்னு தேடின மாதிரி! முழு தொடராத்தான் போடணும், இல்லன்னா ரெஜிமென்ட் பேரோட சேத்து போடணும். டேங்க் ஹன்டருக்கு, அதாவது 45 மி.மீ. பீரங்கி மாத்தின ஆர்-35க்கு, "வனதோருல் தெ காரே"ன்னு சொல்லுவாங்க, அதை போட்டுத் தேடினப்பதான் எனக்கு உருப்படியா ஏதோ கெடச்சுது.

போட்டோ விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. 1940ல பிரான்ஸ் விழுந்தப்ப ஜெர்மனி நூத்துக்கணக்குல ஆர்-35ஐ அள்ளிட்டு போயிருச்சு, போலீஸ் வேலைக்கும் ட்ரெய்னிங்குக்கும் அவங்க ஓட்டின வண்டிங்க யூகோஸ்லாவியா வரைக்கும் நிக்கும். யூகோஸ்லாவியா ஆர்மிகிட்டயே ஆர்-35 இருந்துச்சு, துருக்கி 100 வாங்குச்சு, பல்கேரியாவுக்கு 40. ஆக பால்கன் பக்கத்து கிராமத்துல மண் ரோட்டுல நிக்கற ரெனோ எல்லாம் ரொமேனியா இல்ல. சிலுவையை பாருங்க: 1941லேர்ந்து ரொமேனியா வண்டியில போட்டது மிஹாய் ராஜாவோட சிலுவை, அவர் பேரோட மொத எழுத்தை நாலு பக்கமும் திருப்பி வெச்ச டிசைன். ஜெர்மன் சிலுவை நேர்கோடு, பார்டர் வெச்சது. கறுப்பு வெள்ளை போட்டோவுல தூசி படிஞ்சிருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அப்ப ஆளோட தொப்பியையும் யூனிஃபார்மையும் பாருங்க, அது பொய் சொல்லாது.

இப்ப என் சக்கரத்துக்கு வரேன், ஏன்னா என்னைக் கேட்டா இந்த டேங்க்கோட ரொமேனியா கதையே அதுலதான் இருக்கு.

ஆர்-35 சுமார் பத்தரை டன், ரெண்டே ஆளு. ஒருத்தன் ஓட்டுவான். மேல கோபுரத்துக்குள்ள இருக்கற கமாண்டர் ஒத்த ஆளா வெளிய பாக்கணும், குண்டு போடணும், குறி பாக்கணும், சுடணும், டிரைவருக்கு எந்தப் பக்கம் போகணும்னும் சொல்லணும். மேல ஏறி இறங்க மூடியே கிடையாது, கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு கதவு, அதைத் தொறந்து போட்டா அதுதான் உக்கார்ற பலகை. ஸ்பீடு ரோட்டுல மணிக்கு 20 கிலோமீட்டர். காலாட்படை நடக்கற ஸ்பீடுல கூடப் போறதுக்குன்னே செஞ்ச வண்டி, அதுக்கு அது போதும். ஆனா 34 கி.மீ. ஓடற ஸ்கோடா ஆர்-2 கூட ஒரே டிவிஷன்ல கட்டினா மாட்டு வண்டியையும் மோட்டார் பைக்கையும் சேத்து பூட்டின மாதிரிதான். அதனால 1941 போர்ல ரெனோ ரெஜிமென்ட்டை பிரிச்சு காலாட்படை கூட விட்டாங்க, பெசராபியா (இன்னிக்கு மால்டோவா இருக்கற பக்கம்), அப்புறம் ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் இழுத்த ஒடேசா முற்றுகை.

எதிரி குண்டுல போனது ஒரு பக்கம் இருக்கட்டும், நடந்தே செத்தது நெறைய. இதோட சக்கரத்துல ரப்பர் டயர் ஒட்டியிருக்கும், ஸ்பிரிங்குமே ரப்பர் வில்லைதான். பிரான்ஸ்ல நல்ல ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வர்றதுக்கு அது சரி. கோடைக்கால வெயில்ல, உக்ரைன் பக்கத்துப் புழுதியில, நாள் கணக்குல ஓட்டினா ரப்பர் ரிம்மை விட்டு கழண்டு வரும். ஹைவேல லாரி ரீட்ரெட் டயர் உரிஞ்சு பட்டை பட்டையா கெடக்குமே, அந்த மாதிரி. ஸ்பேர் பார்ட் கேக்கலாம்னா யார்கிட்ட கேப்பீங்க? ரெனோ ஃபேக்டரி இருக்கற பாரிஸ் பக்கத்து பில்லன்கூர் 1940 ஜூன்லேர்ந்து ஜெர்மன்காரன் கையில. வாங்கின 41க்கே பார்ட் இல்ல, போலந்துலேர்ந்து வந்த 34க்கு கேக்கவே வேணாம்.

அதனால ரொமேனியாக்காரங்க ரப்பரைத் தூக்கி எறிஞ்சுட்டு இரும்பு ரிம் வெச்ச சக்கரம் டிசைன் பண்ணாங்க. சத்தம் அதிகம், உள்ள இருக்கறவன் எலும்பெல்லாம் குலுங்கும், ஆனா உரியாது. சிலிண்டர் ஹெட், செயின், டிரைவ் ஸ்ப்ராக்கெட்னு ஒவ்வொண்ணா புகாரெஸ்ட், ப்ளோயெஷ்டி ஃபேக்டரிகள்ல ஊத்தி செய்ய ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சு மேனுவல்ல இது ஒரு வரி கூட இருக்காது, ஏன்னா இது பிரான்ஸ் செஞ்சதே இல்ல. என் மாடல்ல நான் தப்பு பண்ணது இங்கதான்: 1944 பீரங்கியை மாட்டிட்டு 1939 சக்கரத்துல ஓட விட்டேன்.

பீரங்கி கதையும் இதே வகைதான். பழைய 37 மி.மீ. எஸ்ஏ-18, முதல் உலகப் போர் காலத்து ஆயுதம், அத வெச்சு சோவியத் டி-34 டேங்க் முன்னாடி நின்னா கல்லெடுத்து அடிக்கற மாதிரிதான். ரொமேனியாகிட்ட பிடிச்ச சோவியத் டி-26, பிடி டேங்க்கெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு, அதுல இருந்த 45 மி.மீ. பீரங்கியைக் கழட்டி ரெனோ கோபுரத்துல மாட்டினாங்க. நேரா போகல. சுட்டதும் பீரங்கி பின்வாங்கற மெக்கானிசத்துக்கு எடம் பத்தாம கோபுரத்துக்கு முன்னாடி ஒரு மூக்கு மாதிரி நீட்டி ஒட்டினாங்க, பக்கத்துல இருந்த மெஷின் கன்னை எடுத்தாச்சு, முன்னாடி நூறு குண்டு வெச்ச எடத்துல இப்ப 35தான். ஏற்கனவே ஒத்த ஆள் சர்க்கஸ் பண்ண கோபுரம், இப்ப இன்னும் நெருக்கடி. புகாரெஸ்ட் லியோனிடா ஒர்க்ஷாப்ல 30 வண்டி இப்படி மாத்தினாங்க, 1944 நடுவுல முடிஞ்சுது. டி-34ஐ நேரா ஓட்டை போட அதுவும் பத்தாது, இருந்தாலும் பிடிச்ச குண்டு குடோன் குடோனா இருக்கறப்ப வேற யோசிக்க என்ன இருக்கு?

இதுல விதி பண்ண வேலையைப் பாருங்க. ரஷ்யனை அடிக்கறதுக்கு ரஷ்யன் பீரங்கியை மாட்டி ரெண்டு மாசம் கூட ஆகல, 1944 ஆகஸ்ட் 23 மிஹாய் ராஜா, நாட்டை ஆண்டுட்டு இருந்த சர்வாதிகாரி அன்டோனெஸ்குவை கைது பண்ணார், ரொமேனியா பக்கம் மாறிருச்சு. 1945ல மிச்சம் மீதி இருந்த வண்டியெல்லாம், ஜெர்மன், செக், பிரெஞ்சுன்னு அவியல் மாதிரி சேத்து, அதே 2வது டேங்க் ரெஜிமென்ட் சோவியத் படை கூடவே செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா வரைக்கும் ஜெர்மனியை எதிர்த்து போச்சு. அந்த கூட்டத்துல இந்த மூக்கு நீண்ட ரெனோவும் இருந்துச்சு.

பழைய ரெனோ எஃப்டி டேங்க் பத்தியும் ஒரு வார்த்தை. அது முதல் உலகப் போர் சரக்கு, 1919ல 76 வந்துச்சு, 48 பீரங்கி வெச்சது, 28 மெஷின் கன் வெச்சது. ரெண்டாம் போர்ல ட்ரெய்னிங், ஃபேக்டரி காவல், அவ்ளோதான்.

ஆவணம்னா ரொமேனியா ராணுவ ஆவணக் காப்பகம் பிட்டெஷ்டி ஊர்ல இருக்கு, ரெஜிமென்ட் பேர் தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு எழுதுங்க, சும்மா "டேங்க்"னு கேட்டா பதிலே வராது. பிரான்ஸ் பக்கம் ஆர்டர், பேச்சுவார்த்தை விஷயம் வேணும்னா வென்சென் கோட்டையில இருக்கற ராணுவக் காப்பகம், ஆயுத ஃபைலுங்க மட்டும் ஷாதெல்ரோல தனியா இருக்கு. வண்டியைக் கண்ணால பாக்கணும்னா பிரான்ஸ்ல சோமூர் டேங்க் மியூசியத்துல ஆர்-35 நிக்குது, ஆனா அது பிரெஞ்சு சக்கரத்தோட. நான் ஒரு மியூசியத்துக்கு மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் டிக்கெட் விலைதான் பதிலா வந்துச்சு. எழுதறதுன்னா ரொமேனியன்லயே எழுதுங்க, மெஷின் டிரான்ஸ்லேஷன் ஆனாலும் பரவால்ல, கொஞ்சம் மனசு எறங்குவாங்க.

என் மாடலைப் பத்தி கடைசியா: பத்து சக்கரத்தையும் புடுங்கி, பிளாஸ்டிக் ரப்பர் டயரை அரம் வெச்சு ராவி, மெல்லிசு தகட்டை வளையமா சுத்தி ஒட்டி மறுபடி போட்டோ போட்டேன். அதே ஆள் வந்து பாத்துட்டு எழுதினது: "சக்கரம் சரி. சிலுவை கொஞ்சம் பெருசு."