குழந்தைக்கு அடிக்கடி காதில் சீழ் வருகிறது, கைவைத்தியத்தால் தடுக்க முடியுமா?

ஒன்றரை வயதுப் பையனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காதில் சீழ் வருகிறது, ஆன்டிபயாடிக் கொடுத்துக் கொடுத்துப் பயமாக இருக்கிறது, கைவைத்தியத்திலோ ஹோமியோபதியிலோ வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளோடு இரண்டு வருடம் இதே பாடு பட்டவள் நான்.

எங்களுக்கு வாலிநோக்கம் பக்கம். வாடைக்காற்று தொடங்கினால் வீட்டுக்கு வீடு சளிதான். மகளுக்குச் சளி பிடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ராத்திரியில் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு வட்டம், அழுகையும் நின்றிருக்கும். செவிப்பறை ஓட்டையாகிச் சீழ் வெளியே வந்ததால்தான் வலி குறைந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமியார் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அப்புறம்தான் காதில் விடுவார். அத்தனை பக்குவம். ஆனாலும் அடுத்த சளிக்கு மறுபடி வந்தது.

ராமநாதபுரத்தில் காட்டிய காது மூக்கு தொண்டை டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவசத்தில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்து, உள்ளே நீர் தேங்கி, கிருமி பெருகிச் சீழாகிறது. "இது காது ஓட்டை வழியா வரலம்மா, மூக்கு வழியா வருது" என்றார். வெளியிலிருந்து விடும் எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் உள்ளே இறங்கி இன்னும் கெடுக்கும். இதை மாமியாரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது. "சரித்தா, இனி உச்சந்தலைக்கு மட்டும் வைக்கிறேன்" என்று அவரே முடித்துவிட்டார்.

எங்களுக்குப் பலன் கொடுத்தது வேறு. முதலில் புகை. குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணி, விறகடுப்பு, வீட்டுக்காரரின் பீடி, இதெல்லாம் போதாதென்று தெரு முனையில் கருவேலங்கரி மூட்டம். மூட்டத்தை நம்மால் நிறுத்த முடியாது, புகையும் நாட்களில் அவளை அம்மா வீட்டில் விட்டேன். மற்ற மூன்றையும் நிறுத்தினோம். படுக்கப் போட்டுப் பாட்டில் கொடுப்பதையும் சங்கில் புகட்டுவதையும் விட்டு, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். ரப்பர் சூப்பானைத் தூக்கிப் போட்டேன். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையென்றால் நிறுத்தாதீர்கள். காதில் சீழ் வைக்கும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். அட்டையை எடுத்துப் பாருங்கள், ஒன்று விட்டுப்போயிருந்தால் கேளுங்கள்.

மாற்று வழிகளில் ஓரளவு சான்று இருப்பது சைலிட்டால் என்ற, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்புக்குத்தான். 1990களில் பின்லாந்தில் பகல்நேரக் காப்பகக் குழந்தைகளுக்குச் சூயிங்கமாகக் கொடுத்துப் பார்த்ததில் காது நோய் குறைந்தது. ஆனால் தினம் ஐந்து தடவை கொடுக்க வேண்டும், ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சூயிங்கம் தொண்டையில் அடைக்கும். உங்களுக்கு அது ஆகாது. உடம்புக்கு நல்லது செய்யும் கிருமிகள் அடங்கிய புரோபயாட்டிக்கில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஹோமியோபதி தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. கற்பூரவல்லிச் சாறு கொடுத்திருக்கிறேன், சளிக்கு இதமாக இருந்தது. காதைக் காக்கும் என்று நம்பிக் கொடுக்கவில்லை.

ஆன்டிபயாடிக் பயம் எனக்கும் இருந்தது. லேசான வலிக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. சீழ் வடியும்போது, இந்த வயதில், அவர் கொடுத்தால் முழு நாளும் கொடுத்துவிடுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காது மடல் துருத்தினாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது வருடத்தில் நாலு தடவை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் காது நோய் என்றே டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் பையன் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டான். காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே நீர் தேங்கி நின்றால் பேச்சு தள்ளிப்போகும். நான் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டபோது என் மகள் திரும்பாத அந்த மாலைதான், டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்று என்னைக் கிளப்பியது. இப்போது அவளுக்கு நாலு வயது. வளர வளர அந்தக் குழாயும் சரிவாகிக்கொண்டு வரும். போன வாடைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது. கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறாள்.