வேலைப்பளுவும் மன அழுத்தமும்: கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உளநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வேலை நெருக்கடி பற்றிக் கேளுங்கள். மாத்திரைப் பெயர் மட்டும் வேண்டாம், நான் டாக்டர் இல்லை.

ராமேஸ்வரம், லாட்ஜ் வரவேற்பு: ஆடி அமாவாசைக்கு இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறேன். கூட்டம் போன பிறகும் யார் பேசினாலும் எரிச்சல்.

தூக்கம் பாக்கி. ஆடி, மகாளய, தை அமாவாசைத் தேதிகள் காலண்டரிலேயே இருக்கின்றன. மறுநாள் விடுப்பை ஒரு மாதம் முன்பே கேட்டு ரெஜிஸ்டரில் எழுத வையுங்கள். அன்றைக்குப் போய் நின்றால் கிடைக்காது. விடிய விடிய விழித்துவிட்டு பாம்பன் பாலத்தில் பைக் ஓட்டாதீர்கள், பஸ் ஏறுங்கள்.

தொண்டி: படுத்தால் வேலை நினைப்பு. நல்ல தூக்க மாத்திரை சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சில மாத்திரைகள் பழகிவிட்டால் விடுவது பெரிய பாடு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை, கட்டணம் இல்லை.

ராமநாதபுரம், தனியார் நிதி நிறுவன வசூல் பிரிவு: இரவு 11 மணிக்கும் மேனேஜர் வாட்ஸப் குரூப்பில் 'இன்றைக்கு எவ்வளவு?' என்கிறார். போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது மேடம்.

வேலை அதிகம் என்பதைவிட, அது எப்போது முடியும் என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதுதான் ஆளைத் தின்கிறது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இலேயே இதைச் சொன்னார்: பளு கூடுதல், பிடி குறைவு, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் உடம்பும் மனசும் கெடுகின்றன. நேரமும் ஒரு கணக்குதான். வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன.

அதனால் பிடியை ஒரு ஓரத்திலாவது வாங்குங்கள். தினமும் எட்டரைக்கு அவர் கேட்காமலேயே அனுப்புங்கள்: வசூலான தொகை, பாக்கி வீடுகள், நாளைக்குப் போக வேண்டிய தெரு. கீழே ஒரு வரி: 'அவசரம் என்றால் போன் பண்ணுங்கள் சார்.' குரூப்பில் தட்டுவது சுலபம். 11 மணிக்கு ஒருவரைக் கூப்பிட்டு எழுப்ப முக்கால்வாசிப் பேருக்குக் கூச்சம். அப்புறம், போனை அடுத்த அறையில் வையுங்கள்.

தங்கச்சிமடம், விசைப்படகு டிரைவர்: அக்கா, அழுத்தமெல்லாம் ஏசி ரூம்காரர்களுக்கு. எங்கப்பா காலத்தில் இதெல்லாம் ஏது? கடலுக்குப் போய் வந்தவன் படுத்தால் கட்டைதான்.

வாங்க தம்பி. வாரம் மூன்று நாள் கடல். படகுக்கும் அதில் ஏறினவர்களுக்கும் நீங்கள் பொறுப்பு. எல்லை தாண்டிவிட்டோமோ என்று ஒரு கண் ஜிபிஎஸ்ஸில், ஒரு கண் நேவி வெளிச்சத்தில். மீன்பாடு இல்லாவிட்டாலும் டீசல் காசு போய்விடுகிறது. இதற்குப் பெயர் என்ன? கட்டையாகப் படுப்பது களைப்பாலா, குவார்ட்டராலா? சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

பாம்பன், படகில் கூலிக்குப் போகிறவர்: டிரைவருக்காவது சுக்கான் கையில் இருக்கிறது. எங்களுக்கு?

இதைத்தான் பிடி என்றேன். ஒரே படகில்கூட ஆளுக்கு ஆள் மாறும்.

சின்னப்பாலம், கடற்பாசி எடுக்கிற பெண்: நாங்கள் மாதம் 12 நாள்தான் இறங்குகிறோம். அமாவாசைக்குப் பின் ஆறு, பௌர்ணமிக்குப் பின் ஆறு. நாங்களே பேசி முடிவு பண்ணினது. ஆம்பளைகள் செய்வார்களா?

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிற வேலை. அதற்குக் கூடி உட்கார்ந்து வரம்பு போட்டார்கள். பாசியும் வளர்கிறது, உடம்பும் ஆறுகிறது. ஒருத்தி மட்டும் நிறுத்தியிருந்தால் அவளுக்கு வருமானம்தான் போயிருக்கும்.

தங்கச்சிமடம் டிரைவர்: முதலாளியிடம் முன்பணம் வாங்கினவன் எப்படி நாள் குறைப்பான்?

நியாயம். கடனை மூச்சுப்பயிற்சியால் அடைக்க முடியாது, அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கரையில் இருக்கிற நாட்களாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

பரமக்குடி, ஜவுளிக்கடை: நாள் முழுக்க நிற்கிறோம்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 2021 திருத்தப்படி இருக்கை தர வேண்டும். தரவில்லையா? தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் சேர்ந்து எழுதுங்கள்.

தேவிபட்டினம்: தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை...

தொண்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கீழக்கரை: வேலையை விட்ட தம்பி மூன்று மாதமாக அறைக்குள்ளேயே இருக்கிறான், தனியாகப் பேசுகிறான். ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் மாமியார்.

இது வேலைக்களைப்பு இல்லை. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தர்காவுக்கும் போங்கள், துவாவோடு மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும். கட்டிவைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது சங்கிலியால்தான். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

முதுகுளத்தூர்: முடி கொட்டுகிறது, டென்ஷனாலா?

தோல் டாக்டரைக் கேளுங்கள்.

தங்கச்சிமடம் டிரைவர்: கடைசியாக ஒன்று அக்கா. நாளையிலிருந்து குடியை மொத்தமாக நிறுத்திவிடட்டுமா?

எப்போதாவது குடிப்பவர் என்றால் நிறுத்துங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று விட்டால் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். கடலில் வந்தால் யார் பார்ப்பது? முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள், அவர்கள் பார்த்து நிறுத்துவார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்காதீர்கள்.