ஹெயான் அரசவையில் பருவங்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

ஹெயான் காலத்து (794-1185) ஜப்பானிய அரசவையில் பூவையும் நிலவையும் ரசித்தது வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, அதை வைத்துத்தான் ஒருவரின் தரத்தையே எடைபோட்டார்கள். 905 வாக்கில் பேரரசரின் ஆணைப்படி தொகுத்த கொகின்ஷூ கவிதைத் தொகுப்பில் 20 பகுதிகள், அவற்றில் முதல் ஆறும் பருவங்களுக்கே. அதிலும் வசந்தத்துக்கு இரண்டு, இலையுதிர்காலத்துக்கு இரண்டு, கோடைக்கும் குளிருக்கும் ஒவ்வொன்றுதான். காதல் கடிதம் என்றால் நல்ல கவிதை மட்டும் போதாது, தாளின் நிறம், அதைக் கட்டி அனுப்பும் பூங்கிளை எல்லாமே அந்தப் பருவத்தோடு பொருந்த வேண்டும். அப்புறம் உடை. பெண்கள் அடுக்கடுக்காக அணிந்த பட்டாடைகளின் நிறச்சேர்க்கைகளுக்குப் பெரும்பாலும் பூக்கள், மரஞ்செடிகளின் பெயர்கள்தான். பிளம் பூ வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பது. அன்றைய நாட்காட்டிப்படி வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் மூன்றாம், நான்காம் மாதத்திலும் செம்பிளம் நிற உடையோடு வந்தால் பார்க்கவே சலிப்பாக இருக்கிறது என்று அரசவைப் பெண்ணான சேய் ஷோனகோன் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய இந்தக் கறார்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.